எழுத வேண்டாம், டீச்சர்

மூன்றாவது கடிதத்தை மேசைமேல் வைத்தபோது டீச்சரின் வளையல்கள் கிலுகிலுத்தன. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

“தண்ணி குடிங்க முதல்ல” என்றார் என் மாமியார்.

டம்ளரில் பாதி டீச்சரின் புடவையில் கொட்டியது. மீதியைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துப்பறிவாளர் என் மாமியார், நான் உதவியாளன். அவர் முப்பது வருடம் அஞ்சலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவர். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டு வாசலில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டினார். அதே மாதம்தான் இன்சூரன்ஸ் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியது. “மாப்பிள்ளை சும்மா உக்காந்திருந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க” என்று சேர்த்துக்கொண்டார். நாற்பத்திரண்டு வயதில் மாமியாரிடம் வேலை பார்ப்பவனுக்கு வேறு எதைப் பார்த்தும் பயம் வராது என்று நினைத்திருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்த நினைப்பு போய்விட்டது.

டீச்சர் ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். இப்போது எல்லாருக்கும் அவர் ‘டெண்டர் டீச்சர்’. பாதுகாப்புத் துறை வெளியிடும் அறிவிப்புகளை எடுத்து, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறார். படையினர் சுட்டுப் பழகும் சுடுதளத்தில் என்றைக்குச் சுடுவார்கள், மாடு மேய்ப்பவர்கள் எந்தப் பக்கம் போகக் கூடாது, படைக்கு பூட்ஸ் வாங்குவதற்கு என்ன விதி. அரசாங்கம் நாற்பது பக்கத்தில் சொல்வதை அவர் நான்கு பத்தியில் சொல்லிவிடுவார்.

கடிதங்கள் மூன்றையும் மாமியார் வரிசையாக வைத்தார். மூன்றும் கோடு போட்ட தாள். தட்டித் தட்டி எழுதியது போல் தனித்தனி எழுத்து.

‘12ஆம் தேதியைப் பற்றி எழுத வேண்டாம்.’

‘கவச உடைச் சோதனையைப் பற்றி எழுத வேண்டாம்.’

இன்று காலை வந்தது: ‘தயவுசெய்து எழுத வேண்டாம். 28ஆம் தேதி 15.00 மணிக்கு மேல் எழுதியும் பயனில்லை.’

“இன்னிக்கு இருபத்தேழு” என்றார் டீச்சர். “நாளைக்கு எனக்கு என்ன ஆகப்போகுதுன்னு தெரியல.”

“முதல் கடிதம் வந்ததும் என்ன பண்ணீங்க?”

“பன்னிரண்டாம் தேதி என்ன நடந்துச்சுன்னே எனக்கு ஞாபகம் வரலம்மா. சுடுதள ஆபீசுக்கே போன் பண்ணினேன். எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருக்கு, அன்னிக்கு ஏதாவது விசேஷமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அப்புறம் ‘ஒண்ணுமில்லையே’ன்னு வச்சுட்டாங்க. மறுநாள்லேர்ந்து அவன் வந்து நிக்கறான்.”

“எவன்?”

“சாம்பல் கலர் ஹெல்மெட். எதிர் மதிலோரம் பைக்கைப் போட்டுட்டு நிப்பான். ஹெல்மெட்டைக் கழட்டறதே இல்ல. தபால்காரர் வந்துட்டுப் போற வரைக்கும் இருந்துட்டுப் போயிடுவான். வீட்ல என் பொண்ணு பிள்ளைத்தாச்சியா வந்து இருக்கா. அவகிட்ட நான் எதுவும் சொல்லல.”

“வெயில்ல ஹெல்மெட்டோட நிக்கறான்னா ஒண்ணு கெட்டவனா இருக்கணும், இல்லாட்டி வழுக்கையா இருக்கணும்” என்றேன்.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மாமியார் கேட்டார். “மாப்பிள்ளை, நீங்க ஒருத்தரை மிரட்டி எழுதணும்னா எப்படி எழுதுவீங்க?”

“நான் மிரட்டி யாரு பயப்படப்போறா அத்தை? உங்க பொண்ணே பயப்படறதில்ல.”

“சும்மா சொல்லுங்க.”

“எழுதாதே. எழுதினா கையை உடைச்சுடுவேன்.”

“அந்த ‘எழுதினா’ இதுல எங்க இருக்கு?”

மூன்று தாளையும் புரட்டினேன். இல்லை. என்ன செய்வேன் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

“அது மட்டுமில்ல. மிரட்டறவன் தயவுசெய்துன்னு கெஞ்சுவானா? மூணு மணிக்கு மேல எழுதினா பயனில்லையாம். எழுதவே கூடாதுன்னு நினைக்கறவனுக்கு மூணு மணி என்ன, ஆறு மணி என்ன? டீச்சர், இவர் உங்களைத் தடுக்கல. எதை எழுதணும், எதுக்குள்ள எழுதணும்னு சொல்லிட்டிருக்காரு. வெளிப்படையாச் சொல்ல பயம். அதனால தலைகீழா எழுதறாரு.”

டீச்சர் பையைத் திறந்து காகிதக் கட்டை எடுத்தார். காகிதத்தைப் புரட்டப் புரட்ட வளையல் சத்தம் குறைந்தது.

“இருபத்தெட்டு, மூணு மணி. இதோ. கவச உடை டெண்டர், ஆட்சேபக் கெடு.” என்னைப் பார்த்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வது போலச் சொன்னார். “குழந்தைக்கு செருப்பு வாங்கற மாதிரிதாங்க. இந்த அளவு வேணும்னு கடைல சொல்றோம், அதுதான் டெண்டர் அழைப்பு. கடைக்காரர் எடுத்துக் காட்டறார், அது மாதிரி. போட்டு நடக்க வச்சுப் பாக்கறோம், அது சோதனை. வாங்கறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கறவங்க ‘இது கடிக்குமே’ன்னு சொன்னா கேட்டுக்கறோம். அதுதான் ஆட்சேபம். சோதனை முடிவு வெளியானதுலேர்ந்து பத்து நாள், யாரு வேணாலும் எழுதிக் குடுக்கலாம். நாளைக்கு மூணு மணியோட அது முடியுது.”

“சோதனை முடிவு என்ன சொல்லுது?”

“பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை. சுடுதளத்தில் உண்மையான தோட்டாக்களால் சுட்டுச் சோதிக்கப்பட்டது. எதுவும் துளைக்கவில்லை.” படித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கட்டுக்குள் தேடி இன்னொரு தாளை உருவினார். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“என்ன டீச்சர்?”

“இது இந்த மாசத்து சுடுதள எச்சரிக்கை. மூணு, ஒன்பது, பதினேழு, இருபத்திநாலு. உண்மைத் தோட்டா சுடணும்னா ஏழு நாள் முன்னாடி ஜனங்களுக்குச் சொல்லியே ஆகணும். அது விதி. இதுல பன்னிரண்டாம் தேதியே இல்ல.” குரல் இறங்கிப் போனது. “ரெண்டையும் நான்தாம்மா எழுதினேன். வேற வேற வாரம். பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு தோணவே இல்ல.”

“அப்படின்னா அன்னிக்குச் சுடவே இல்ல” என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. ஒரு தோட்டாவைக்கூடப் பார்க்காத உடையை, தோட்டா துளைக்காது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பி யாரோ ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்பான்.

மாமியார் உறைகளைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். “நடந்ததைப் பாத்தவங்க பத்து பேர் இருப்பாங்க. நடக்காததை உறுதியாச் சொல்ல ஒருத்தராலதான் முடியும். நடந்திருந்தா அவருக்கு அன்னிக்கு வேலை இருந்திருக்கணும். பதினஞ்சு பூஜ்யம் பூஜ்யம்னு மணியை எழுதறவரு டூட்டி நோட்டு எழுதறவரு. முத்திரையும் சுடுதளத்துப் பக்கத்து அஞ்சலகம். சுடறதுக்கு முன்னாடி அங்க என்ன டீச்சர் பண்ணுவாங்க?”

“சிவப்புக் கொடி ஏத்துவாங்க” என்றார் டீச்சர். “கொடிக்காரர்னு ஒருத்தர் இருக்காரு.”

*

சுடுதளத்துக்குப் போகும் பஸ் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒரு சாம்பல் நிற உருண்டை தெரிந்தது.

“அத்தை.”

“பாத்துட்டேன். திரும்பாதீங்க.”

நான் திரும்பவில்லை. கழுத்தே திரும்ப மறுத்தது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது அந்த பைக்கும் தூரத்தில் நின்றது. பஸ் ஒதுங்கி வழிவிட்டபோதும் முந்தாமல் பின்னாலேயே வந்தது. கடைசி நிறுத்தத்தில் இறங்கியவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

அங்கிருந்து ஒற்றைப் பாதை. தடுப்புக் கட்டை தூக்கியிருந்தது. சின்னக் கூண்டிலிருந்த காவலாளி பார்த்துவிட்டுக் கையசைத்தார். இரண்டு பக்கமும் முட்புதர். ஆடுகள் கடித்துப்போட்ட குச்சிகள். எச்சரிக்கைப் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. மேட்டின்மேல் தகரக் கூரை போட்ட ஒரு அறை, பக்கத்தில் ஒரு கம்பம், அதன் அடியில் மடித்துக் கட்டிய சிவப்புத் துணி. அன்று கொடி ஏறவில்லை.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டையின் பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. டீச்சரின் முகத்தைப் பத்திரிகையில் வாராவாரம் பார்த்திருப்பார் போலிருக்கிறது. பேயைக் கண்டவர் மாதிரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க ஏம்மா வந்தீங்க? நான் எழுத வேண்டாம்னுதானே…” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எழுதினது இவருதான் அத்தை. அவரே கையெழுத்துப் போட்டுட்டாரு” என்றேன்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் மாட்டிய கடிகாரம். கொடிக்கயிறு கம்பத்திலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஒரு கொக்கியில் சுற்றியிருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து, மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். ‘12ஆம் தேதி. கொடி ஏற்றவில்லை. சத்தம் இல்லை.’

“அன்னிக்கு ஒரு வேன் வந்துச்சு. சோதனை அதிகாரியும் கம்பெனி ஆளும் உக்காந்து டீ குடிச்சாங்க. கையெழுத்துப் போட்டாங்க. போயிட்டாங்க. அவ்வளவுதாம்மா சோதனை.”

“இதை நேரா எனக்கு எழுதியிருக்கலாமே” என்றார் டீச்சர். “அஞ்சு நாளா நான் கண்ணு மூடல.”

“கடிதம் வேற யாரு கைல கிடைச்சாலும் உங்களை எவனோ மிரட்டறான்னு நினைச்சுட்டு விட்டுடுவாங்கன்னு பாத்தேன். நீங்க விவரமானவங்க, புரிஞ்சுக்குவீங்கன்னு…” அவர் கண்கள் கலங்கிவிட்டன. “மன்னிச்சுக்கோங்கம்மா. பயந்தவன் எழுதினா அது மிரட்டல் மாதிரிதான் வரும்போல.”

அப்போதுதான் வெளியே பைக் சத்தம் கேட்டது. மேடேறி வந்து, கதவுக்குப் பக்கத்தில் நின்று, அணைந்தது.

மாமியாரின் முகத்தில் ரத்தம் வற்றியதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

“தப்புப் பண்ணிட்டேன் மாப்பிள்ளை” என்றார் மெதுவாக. “டீச்சர் போன் பண்ணின மறுநாள் அவன் வந்திருக்கான். தபால்காரர் போனதும் கிளம்பியிருக்கான். அவன் டீச்சரைப் பாக்க நிக்கல. கடிதம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்க நின்னிருக்கான். தெரியாத வழியை நாமளே காட்டிக் கூட்டிட்டு வந்துட்டோம்.”

கதவு திறந்தது. ஹெல்மெட் குனிந்து உள்ளே வந்தது. குதிகாலால் கதவைச் சாத்தினான். கையில் பைக் சங்கிலி. அதை ஓசைப்படாமல் மேசைமேல் வைத்தான், பூ வைக்கிற மாதிரி.

“நோட்டைக் குடுங்க பெரியவரே. குடுத்துட்டா இவங்க பஸ் பிடிச்சுப் போயிடுவாங்க.” குரல் மரியாதையாக இருந்தது. டீச்சர் பக்கம் திரும்பினான். “பொண்ணுக்கு எத்தனாவது மாசம் டீச்சர்?”

டீச்சர் சுவரோரம் நகர்ந்தார்.

கொடிக்காரர் நோட்டை நீட்டினார். அவன் வாங்கிப் பக்கத்தைப் புரட்டினான். பிறகும் போகவில்லை. எங்கள் நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். நோட்டு போனாலும் வாய் இருக்கிறதே என்று அவன் கணக்குப் போடுவது அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தும் தெரிந்தது. கை சங்கிலியைத் தேடிப் போனது.

மாமியார் சம்பந்தமே இல்லாமல் என்னிடம் கேட்டார். “மாப்பிள்ளை, காலைல துணியெல்லாம் கொடில போட்டீங்களா?”

பயத்தில் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். எனக்கும் ஒரு விநாடி அப்படித்தான் தோன்றியது. பிறகு என் முதுகில் ஏதோ உரசியது. ஜன்னல். கொக்கி. கயிறு.

“மறந்துட்டேன் அத்தை. இதோ ஏத்திடறேன்” என்றேன்.

கயிற்றைப் பிடித்து உடம்பு மொத்தத்தையும் கொடுத்து இழுத்தேன். கப்பி கிறீச்சிட்டது. வெளியே மடித்துக் கட்டியிருந்த சிவப்புத் துணி படபடவென்று விரிந்து மேலே ஏறியது. அவன் பாய்ந்து என் தோளில் சங்கிலியால் அடித்தான். கண்ணில் பூச்சி பறந்தது. கயிற்றை விடவில்லை. வீரத்தால் இல்லை, கை பூட்டிக்கொண்டுவிட்டது.

கீழே, தடுப்புக் கட்டைப் பக்கம், காவலாளியின் அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது.

அப்போது டீச்சர் பேசினார். உதடு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வார்த்தைகள் வகுப்பில் வருவது போல வந்தன.

“சுடுதள விதி இருபத்திமூணு. அறிவிக்காத நாள்ல கொடி ஏறினா பாதையை உடனே அடைக்கணும். காவல் வண்டி பத்து நிமிஷத்துக்குள்ள கொடி இருக்கற இடத்துக்கு வரணும். ஏத்தினவரை நேர்ல பாக்காம திரும்பக் கூடாது. இதை நான் ரெண்டு வாரம் எழுதியிருக்கேன் தம்பி. இங்க வந்து போக ஒரே வழிதான்.”

ஹெல்மெட் கடிகாரத்தைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். பைக் உறுமி இறங்கியது.

நான் கயிற்றோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். “அத்தை, இனிமே துணி காயப்போடற வேலையை உங்க பொண்ணுகிட்டயே குடுத்துடுங்க.”

என் தோளைத் தொட்டுப் பார்த்த மாமியாரின் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது.

கொடிக்காரர் காலி இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நோட்டு போச்சேம்மா. இனிமே யாரு நம்புவா?”

“உங்க நோட்டே வேண்டாம் ஐயா” என்றார் டீச்சர். “அவங்க அறிக்கை அன்னிக்குச் சுட்டோம்னு சொல்லுது. அவங்க எச்சரிக்கை அன்னிக்குச் சுடலைன்னு சொல்லுது. ரெண்டும் அரசாங்க முத்திரை போட்ட தாள். சுட்டிருந்தா ஜனங்களுக்குச் சொல்லாமச் சுட்டது குற்றம். சுடலைன்னா சோதனை பொய். எதை ஒத்துக்கிட்டாலும் டெண்டர் நிக்காது. உங்க பேரே வராது.”

கொடிக்காரர் நிம்மதியில் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“நான் என் வேலைக்குப் பயந்து எழுதலம்மா. சோதனை தேறிடுச்சுன்னா, அவசரத் தேவைன்னு முதல் நூறு உடையை உடனே எல்லைக்கு அனுப்பலாம்னு ஒரு விதி இருக்குன்னு நீங்கதானே எழுதினீங்க. அனுப்பிட்டாங்க. போன வாரம் என் பையன் போன்ல சொன்னான். அவனுக்கும் ஒண்ணு குடுத்திருக்காங்களாம். சந்தோஷமாச் சொன்னான்.”

சங்கு மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது.

காவல் வண்டி எட்டாவது நிமிடத்தில் வந்தது. அதன் பின்பக்கத்தில், ஹெல்மெட் இல்லாமல், இரண்டு வீரர்களுக்கு நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தலை நிறைய முடி. உடைக் கம்பெனியில் வேலை என்று பிறகு தெரிந்தது. யார் என்ன சொல்லி மிரட்டி அவனை அனுப்பினார்களோ, வண்டியில் அவனும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தான்.

*

மறுநாள் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு டீச்சர் ஆட்சேபத்தைக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட குமாஸ்தா இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, மறுபடி பார்த்துவிட்டு, எழுந்து நின்று முத்திரை குத்தினார். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அது வந்தது. அந்தக் கட்டுரையில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. இரண்டு அறிவிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ‘இவற்றை எப்படிப் படிப்பது?’ என்று தலைப்பு மட்டும் கொடுத்திருந்தார்.

சோதனை அதிகாரி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். மாதிரி உடையை வேறொரு சுடுதளத்தில் உண்மையாகவே சுட்டுப் பார்த்தார்கள். முதல் தோட்டாவே முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போனதாம். அந்தச் செய்தியைப் படித்த அன்று மாமியார் சாப்பிடவில்லை.

ஆனால் எல்லைக்குப் போன நூறு உடைகள் என்ன ஆயின என்று யாரும் சொல்லவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்றார்கள். கொடிக்காரரின் பையனிடமிருந்து பன்னிரண்டு நாளாக போன் இல்லை.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் நானும் மாமியாரும் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். கட்டிலில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவருக்குப் பொத்தானை அழுத்த முடியவில்லை. மாமியார்தான் வாங்கி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, இங்க டவரே இல்லப்பா. மேல ஏறி வந்து பேசறேன்” என்றது ஒரு குரல். “புதுசா ஒரு உடுப்பு குடுத்தாங்கன்னு சொன்னேன்ல, அதைத் திருப்பி வாங்கிட்டாங்கப்பா. பஞ்சு மாதிரி இருந்துச்சு. இப்ப மறுபடியும் அந்தப் பழைய மூட்டையைக் குடுத்துட்டாங்க. தோள்பட்டையே இறங்கிடும்போல.”

கொடிக்காரர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்டா.” போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ரொம்ப கனமா இருக்கா?”

“கல்லு மாதிரி இருக்குப்பா.”

“இன்னொரு தடவை சொல்லு” என்றார் அவர்.